நாற்பத்திரண்டு இடது கைகள்

சர் ஹ்யூபர்ட் ட்ராப்விக், பன்னிரண்டாவது பாரனெட், தன் வம்சத்தை அஜ்மானில் ஒரு மணல்வெளிக்கு வாடகைக்கு விட்டிருந்தார்.

இரண்டாயிரத்து எட்டு அப்படிப்பட்ட வருடம். ஒட்டகமே உட்கார யோசிக்கும் இடங்களுக்கெல்லாம் வண்ணப்படம் வரைந்து, வழவழப்பான தாளில் அச்சடித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு கம்பெனி ஏரி தருவதாகச் சொன்னது. இன்னொன்று பனிமலை தருவதாகச் சொன்னது. கடைசியாக வந்து சேர்ந்த கம்பெனிக்கு, பாவம், தருவதற்கு இயற்கையில் எதுவும் மிச்சமில்லை. அது பரம்பரை தருவதாகச் சொல்லிவிட்டது. 'ட்ராப்விக் பார்க்' என்று பெயர். நாற்பத்திரண்டு வில்லாக்கள். ஒவ்வொன்றின் வாசல் நெற்றியிலும் ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் நானூறு வருடத்துக் குலச்சின்னம். வாங்குகிறவர் லாகூர்க்காரரோ லக்னோக்காரரோ, சாவி கைக்கு வந்த நிமிடத்திலிருந்து கொஞ்சம் பிரபு.

அந்தச் சின்னங்களைச் செய்யும் வேலை ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு பைபர் பட்டறைக்கு வந்தது. பட்டறை என்றால் தகரக் கூரை, மண்டையைப் பிடிக்கும் ரெசின் வாடை, உள்ளே ஒன்பது பேர். களிமண்ணில் உருவம் பிடிக்கத் தெரிந்தவன் அந்த ஒன்பது பேரில் ஒருவன்தான். கமுதிப் பக்கத்துக் கார்மேகம். ரோமாபுரித் தூணும் அவன்தான், பாரசீகச் சிங்கமும் அவன்தான், மால் வாசலில் எலிவால் மீசையோடு நிற்கிற ஐரோப்பியத் தேவதூதனும் அவன்தான்.

கார்மேகத்துக்கு வம்சங்களைப் பற்றிக் கவலை கிடையாது. அவன் கவலையெல்லாம் மார்ச் பதிமூன்றாம் தேதியைப் பற்றி.

அன்றைக்கு அவனுக்கு ஊருக்கு ஃப்ளைட். கல்யாணமாகிப் பதினோரு வருடம். அதில் பஞ்சவர்ணத்தோடு ஒரே கூரையின் கீழ் இருந்தது, எல்லா லீவையும் சேர்த்தால், ஏழு மாதம். பிள்ளை இல்லை. மதுரையில் ஒரு லேடி டாக்டர், சுற்றி வளைக்காதவர், இருவரையும் சோதித்துவிட்டு, "உங்க ரெண்டு பேருக்கும் பெரிய குறை ஒண்ணும் இல்ல. நடுவுல கடல் இருக்கு, அதான் குறை" என்று போன லீவிலேயே சொல்லியிருந்தார். பஞ்சவர்ணத்துக்கு இப்போது முப்பத்தொன்பது. பிள்ளைக்கான வைத்தியத்துக்கு இதுதான் கடைசி முறை, இதற்கு மேல் உடம்பு கேட்காது என்றும் சொல்லியிருந்தார். பதினேழாம் தேதி காலையில் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து நிற்க வேண்டும். அதற்காகப் பஞ்சவர்ணம் தினமும் பஸ் ஏறிக் கமுதி போய் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஊசிகள் நாள் கணக்கு வைத்துப் போடுகிறவை. இன்றைக்கு முடியாது நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்ல அவற்றிடம் ஆள் இல்லை.

பாஸ்போர்ட் எல்லோருடையதும் போல ஆபீஸ் பீரோவில் இருந்தது. "ட்ராப்விக் வேலை முடிச்சுக் குடுத்தா மறுநாளே லீவு" என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

குலச்சின்னத்தின் படத்தை எடுத்துக்கொண்டு வந்தவர் ரவிசங்கர். கட்டுமானக் கம்பெனியில் ஒருங்கிணைப்பாளர், மயிலாப்பூர் வளர்ப்பு, இரண்டு மாதமாகப் பாரனெட்டின் கடிதங்களுக்குப் பதில் எழுதியதில் அவருக்கே லேசாக ஒரு பட்டம் இறங்கியிருந்தது. கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பட்டறைக்குள் வந்து, படத்தை மேஜைமேல் விரித்தார். சூப்பர்வைசர் கௌஸ் முகம்மதுவும் கார்மேகமும் குனிந்து பார்த்தார்கள்.

"இது வெறும் லோகோ இல்ல மிஸ்டர் கௌஸ். குலச்சின்னம். நானூறு வருஷமா ஒரே ஃபேமிலி. இதுல ஒரு கோடு மாறக்கூடாது."

"நல்லது சார்" என்றார் கௌஸ் முகம்மது. இளையான்குடிக்காரர். அறுபதை நெருங்கியவர். "போன மாசம் காட்டுன படத்துல இந்த எடத்துல மூணு பன்னித் தலை இருந்துச்சே?"

ரவிசங்கர் இருமினார். "காட்டுப்பன்றி. அது இப்ப ஃபால்கன் ஆயிடுச்சு. வாங்கறவங்க யாருன்னு பாக்கணும் இல்லையா. சர் ரொம்பப் பெருந்தன்மையா ஒத்துண்டார்."

"மத்தபடி ஒரு கோடும் மாறல" என்றார் கௌஸ் முகம்மது, மரியாதையாக.

நீலக் கேடயம். அதில் மூன்று முன்னாள் பன்றிகள். மேலே சாவியைக் கவ்விய நாரை. கீழே ஒரு ரிப்பனில் லத்தீன் வாசகம். அதன் பொருள் 'பிடித்ததை விடமாட்டோம்' என்று ரவிசங்கர் விளக்கினார்.

"நம்ம பாஸ்போர்ட்டச் சொல்றாக போல" என்றான் கார்மேகம்.

கேடயத்தின் நடுவில், சின்னதாக ஒரு வெள்ளைப் பலகைமேல், மணிக்கட்டோடு வெட்டிய சிவப்புக் கை ஒன்று விரித்து நின்றது. அதுதான் பாரனெட்டுக்கு அடையாளமாம். ரவிசங்கர் கம்பெனி அச்சிட்ட விளம்பரப் புத்தகத்தைப் பிரித்து வாசித்துக் காட்டினார். ஒரு காலத்தில் இங்கிலாந்து ராஜாவுக்குக் கையில் காசில்லை. அயர்லாந்தில் அல்ஸ்டர் என்ற பகுதியில் படை வைக்க வேண்டியிருந்தது. முப்பது சிப்பாய்களுக்கு மூன்று வருடச் சம்பளத்தைக் கட்டுகிறவர் எவரோ அவருக்கு 'சர்' பட்டம், அவருக்குப் பின் அவர் மகனுக்கு, மகனின் மகனுக்கு. பட்டத்தோடு அல்ஸ்டரின் சிவப்புக் கையையும் கேடயத்தில் போட்டுக்கொள்ளலாம். முதலாவது ட்ராப்விக் மாட்டுக் கொழுப்பில் மெழுகுவர்த்தி செய்து விற்றவர். அதைப் புத்தகம் 'ஒளி வணிகத்தில் முன்னோடி' என்று எழுதியிருந்தது.

"ஆம்பளப் பிள்ளைக்குத்தானா சார்?" என்று கார்மேகம் கேட்டான்.

"ஆண் வாரிசு மட்டும்தான். இல்லைன்னா பட்டம் அத்தோட போச்சு."

கார்மேகம் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டான்.

மறுநாள் களிமண்ணைப் பிசையும்போதுதான் அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தன் கையோடு வைத்து ஒப்பிட்டான். அப்புறம் கௌஸ் முகம்மதுவைக் கூப்பிட்டான்.

"பாய், இந்தக் கையப் பாத்தீங்களா. பீச்சாங்கை."

கௌஸ் முகம்மது கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தன் இரண்டு கைகளையும் மாறி மாறி விரித்துப் பார்த்தார். "ஆமாடா."

"வீட்டு வாசலுக்கு மேல, வர்றவன் போறவன் தலைக்கு நேரா, கழுவுற கையக் கொண்டாந்து வைப்பானா எவனும்?"

"வெள்ளக்காரன் காகிதத்துல தொடைக்கிறவன். அவனுக்கு எந்தக் கையா இருந்தா என்ன."

"சின்னந்தான் அவனோடது. குடியிருக்கப் போறது நம்மாளுக இல்லையா பாய்."

இந்தத் தொழிலில் ஒரு தொல்லை உண்டு. மோல்டில் எல்லாம் இடம்வலமாகத் திரும்பும். ஆகவே சில ஆபீசர்கள் புத்திசாலித்தனமாகப் படத்தையே திருப்பி அச்செடுத்து அனுப்பிவிடுவார்கள். போன வருடம் ஒரு ஹோட்டலுக்கு அப்படி வந்த குதிரை, வாசலுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்று ஏக ரகளை ஆனது. இதுவும் அந்த வகை என்றுதான் இருவரும் முடிவு செய்தார்கள். நாரை எந்தப் பக்கம் பார்த்தாலும் நாரை. கைக்கு அப்படி இல்லை. ரவிசங்கருக்குப் போன் செய்து கேட்டால், அவர் லண்டனுக்கு எழுதி, லண்டன் யோசித்து, பதில் வர ஒரு வாரம். கார்மேகத்திடம் ஒரு வாரம் இல்லை.

"நல்லது செய்யத்தான போறோம். சோத்துக்கையா வச்சிரு" என்றார் கௌஸ் முகம்மது.

கார்மேகம் தன் வலது கையில் வேசலின் தடவி, ஈரப் பிளாஸ்டரில் அழுத்தி அச்செடுத்தான். ஐந்து விரலும் ரேகையும் அப்படியே விழுந்தன. அபயம் தருகிற கை. மெழுகுவர்த்தி வியாபாரியின் வம்சத்துக்கு அப்படி ஒரு மரியாதையை அதற்கு முன்னால் யாரும் செய்திருக்க மாட்டார்கள். இரவு பகல் பாராமல் நாற்பத்திரண்டு கேடயங்களையும் மார்ச் ஒன்பதாம் தேதி முடித்து, வண்ணம் பூசி, சுவரோரமாகச் சாய்த்து வைத்தார்கள்.

அன்று மதியம் போனில் பஞ்சவர்ணம், "ஊசி போட்டுப் போட்டு வயிறெல்லாம் கன்னிப்போச்சுங்க. பதிமூணு கிளம்பிருவீக இல்ல?" என்று கேட்டாள்.

"வேலை கலாஸ். டிக்கெட்டு பையில இருக்கு."

"புள்ளைக்கு உங்கம்மா மாதிரி மூக்கா இல்லாம இருக்கணும்" என்றாள். அவள் சிரித்துப் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

பத்தாம் தேதி பாரனெட் வந்தார்.

கார்மேகம் கோட்டும் பூட்ஸும் கம்பீரமுமாக ஒரு ஆளை எதிர்பார்த்திருந்தான். வந்தவர் வெயிலில் வெந்த இறால் நிறத்தில், கசங்கிய பருத்திக் கோட்டோடு, முழங்கால் வலியோடு காரிலிருந்து இறங்கினார். பரம்பரை மாளிகை அவர் அப்பா காலத்திலேயே விற்றுப்போய் இப்போது முதியோர் விடுதி. இவர் ஸ்பெயினில் வாடகை ஃபிளாட்டில் இருக்கிறார். எஞ்சியிருந்த ஒரே சொத்து இந்தக் கேடயம்தான். அதையும் சதுர அடிக்கு இவ்வளவு என்று போட்டாகிவிட்டது.

சர் ஹ்யூபர்ட் முதல் கேடயத்தின் முன் நின்றார். பன்றிகள் பருந்துகளாகியிருந்ததைக் கடந்து போன பார்வை, நடுவில் வந்து நின்றது. குனிந்தார். பிறகு முழங்கால் வலியை மறந்து அடுத்ததற்குப் போனார். அதற்கடுத்ததற்கு. நாற்பத்திரண்டையும் பார்த்துவிட்டு ரவிசங்கர் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் நீளமாகப் பேசினார். ரவிசங்கரின் முகம் வெளுத்தது.

"யார் இந்தக் கையை மாத்தினது?"

கௌஸ் முகம்மது முன்னால் வந்தார். "படம் திரும்பி வந்திருக்குன்னு நெனச்சோம் சார். நாந்தான் மாத்தச் சொன்னேன்."

"பாய் இல்ல சார், நான்" என்றான் கார்மேகம். "பீச்சாங்கை வாசல்ல ஆகாதுன்னு."

"இடது கைதான்யா பாரனெட். வலது கை வேற யாரோட அடையாளமோ. அயர்லாந்துல இவாளோட எதிரிக் குடும்பம் ஒண்ணாம். நாற்பத்திரண்டு வீட்டு வாசல்ல எதிரியோட கையைத் தூக்கி வெச்சிருக்கோம்னு சொல்றார்."

"பன்னி குருவியானப்ப இந்த ரோசம் எங்க போச்சு?" என்று கௌஸ் முகம்மது தமிழில், வெகு பணிவான முகத்தோடு கேட்டார். ரவிசங்கர் காதில் விழாதது போல இருந்தார்.

கையை மட்டும் அறுத்துவிட்டு வேறு ஒட்டித் தருகிறேன், இரண்டு நாளில் முடியும் என்றான் கார்மேகம். ரவிசங்கர் அதை மொழிபெயர்த்தார். சர் ஹ்யூபர்ட் தலையாட்டி மறுத்தார். ஒட்டு வேலை கூடாது. வம்சம் ஒரே வார்ப்பாக இருக்க வேண்டும். திறப்புவிழா இருபத்தைந்துதானே, மறுபடி முழுதாகச் செய்யட்டும். அப்படிச் சொல்லிவிட்டு, தன்னுடைய பெருந்தன்மை தனக்கே பிடித்துப்போனவராகக் கார்மேகத்தின் தோளில் கை வைத்தார்.

"சர் கோவப்படலை. உன்னோட வேலை அவருக்குப் பிடிச்சிருக்காம். வேற யாரும் தொடக்கூடாது, நீயே பண்ணணும்னு சொல்றார். இது உனக்கு ஹானர்ப்பா."

கார்மேகம் ரவிசங்கர் பக்கம் திரும்பினான். "சார், எனக்குப் பதிமூணு ஃப்ளைட்டு. பதினேழு ஆஸ்பத்திரில நிக்கணும். புள்ளைக்கு வைத்தியம். இதான் கடைசின்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. சார்கிட்ட எடுத்துச் சொல்லுங்க. களிமண் வேலைய நாளைக்கே முடிச்சிட்டு மிச்சத்தப் பாய்கிட்டக் குடுத்துட்டுப் போறேன்."

ரவிசங்கர் பாரனெட்டைப் பார்த்தார். கார்மேகத்தைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் சுருக்கமாக ஏதோ சொன்னார். கார்மேகத்துக்கு அதில் 'சாரி' என்ற சொல் மட்டும் புரிந்தது.

சர் ஹ்யூபர்ட் கனிந்துவிட்டார். கேடயத்தைத் தடவிக்கொண்டே பேசினார். நடுவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரவிசங்கரும் குரல் தழதழக்க மொழிபெயர்த்தார். "சர்க்கு ரெண்டு பொண்ணுங்க. பையன் இல்ல. தம்பி, சித்தப்பா வழியிலயும் யாரும் இல்ல. அவரோட பன்னிரண்டு தலைமுறையும் முடிஞ்சுடும். அதனாலதான் இந்தக் கல்லுலயாவது வம்சம் சரியா நிக்கட்டும்கிறார். புரியறதா உனக்கு, அவரோட வலி?"

"கல்லு இல்ல சார், பைபரு" என்றான் கார்மேகம். பிறகு, "எனக்கும் அதேதான்னு சொல்லுங்க சார்" என்றான்.

அதை ரவிசங்கர் மொழிபெயர்க்கவில்லை. ஒரு பாரனெட்டிடம் சொல்லக்கூடிய வாக்கியமாக அது அவருக்குத் தோன்றவில்லை.

கௌஸ் முகம்மது அன்றே மேனேஜர் அறைக்குப் போய் ஒரு மணி நேரம் நின்றார். தப்புத் தன்னுடையது, தன் லீவைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். உன் கைக்குக் களிமண் வேலை தெரியுமா என்று மேனேஜர் கேட்டார். தெரியாது. அப்புறம் என்ன? பீரோ பூட்டியே இருந்தது. பதிமூன்றாம் தேதி ஃப்ளைட் குறித்த நேரத்தில், ஓர் இருக்கை காலியாக, மதுரைக்காரர்கள் பலரைச் சுமந்துகொண்டு போனது. அந்த நேரத்தில் கார்மேகம் இடது கையை ஈரப் பிளாஸ்டரில் அழுத்திக்கொண்டு, அது இறுகும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தான். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும்.

பஞ்சவர்ணத்திடம் பன்னிரண்டாம் தேதியே சொல்லிவிட்டான். அவள் முதலில், அவன் விளையாடுகிறான் என்று நினைத்தாள்.

"கையி மாறிப்போச்சுன்னா? யாரு கையி?"

"படத்துல இருக்க கை. ஒரு வெள்ளக்காரக் குடும்பத்து அடையாளம்."

"அந்தக் குடும்பம் எங்க இருக்கு?"

"எங்கயும் இல்ல. அவருக்கும் பையன் இல்லையாம்."

பிறகு அவள், "நான் போய்ப் பாக்குறேன். ஏதாச்சும் வழி இருக்கும்" என்றாள்.

பதினேழாம் தேதி அவள் தம்பி பெண்டாட்டி கனகாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் ஒரு தாளை நீட்டி, புருஷன் பெயர் கேட்டார்கள், சொன்னாள். புருஷன் கையெழுத்துக் கேட்டார்கள். புருஷனையே கேட்டார்கள். துபாய் என்றாள். ஷார்ஜா என்றெல்லாம் ஊரில் யாரும் சொல்வதில்லை. நர்ஸ் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். டாக்டரம்மா மட்டும் வெளியே வந்து, அவள் தலையில் ஒரு நிமிடம் கை வைத்துவிட்டு உள்ளே போனாராம்.

இருபத்து நான்காம் தேதி நாற்பத்திரண்டு கேடயங்களும் தயார். நாற்பத்திரண்டிலும் கமுதிக் கார்மேகத்தின் இடது கை, சிவப்பாக, ரேகை மாறாமல். மறுநாள் அவற்றை லாரியில் ஏற்றிக்கொண்டு அவனும் கௌஸ் முகம்மதுவும் அஜ்மானுக்குப் போனார்கள். போன பிறகுதான் தெரிந்தது, ட்ராப்விக் பார்க்கில் அதுவரை கட்டியிருந்தது ஒரே ஒரு மாதிரி வீடு. மற்ற நாற்பத்தொன்றும் சுண்ணாம்புக் கோடுகள். ஒரு கேடயத்தை மட்டும் இறக்கி மாட்டினார்கள். சர் ஹ்யூபர்ட் ரிப்பன் வெட்டி, பருந்துகளுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார். ரவிசங்கர் படத்தின் ஓரத்தில் பாதி விழுந்தார். மிச்சத்தைச் சைட் ஓரத்தில் ஒரு கன்டெய்னருக்குள் அடுக்கிவிட்டுப் போகச் சொன்னார்கள்.

"நாப்பத்தொண்ணு" என்றார் கௌஸ் முகம்மது, கன்டெய்னர் கதவைச் சாத்திவிட்டு. "ஒண்ணுதான்டா வேணும்னு எந்த நாயாச்சும் சொல்லியிருந்தா நீ பதினொண்ணாந்தேதியே முடிச்சிருப்பே."

"விடுங்க பாய்."

"நான் சொல்லியிருக்கக் கூடாது. சோத்துக்கையா வையின்னு."

"நீங்க சொல்லாட்டியும் நான் அதத்தான் வச்சிருப்பேன்."

ஏப்ரல் முதல் வெள்ளிக்கிழமை பஞ்சவர்ணமே போன் செய்தாள். மழை பெய்ததா, ஆடு குட்டி போட்டதா என்று அவன்தான் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில், "ஊசி மருந்து மிச்சம் இருந்துச்சு. ஐஸ்பெட்டி இருக்கவுக வீட்டுல வச்சிருந்தேன். எடம் அடைக்குதுன்னாக. எடுத்துக் கொட்டிட்டேன்" என்றாள்.

"சரி."

"நீங்க வர்றப்ப சாமான் ஒண்ணும் வாங்கியார வேணாம். வீடு நிறையா இருக்கு. யாரு பொழங்குறா."

அவனுக்குச் சொல்ல ஏதோ இருந்தது. அவள் போன் கார்டில் நிமிடமும் இருந்தது. இருந்தும் இருவரும் அப்படியே, கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், நிமிடம் தீரும்வரை காதில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை டீ நேரத்தில் கௌஸ் முகம்மது ஆபீசிலிருந்து ஏறக்குறைய ஓடி வந்தார். கையில் கார்மேகத்தின் பாஸ்போர்ட், அதற்குள் மடித்த லீவு பாரம். மேனேஜர் கையெழுத்து, விசா கொடுத்த அரபு முதலாளியான கஃபீலின் முத்திரை, எல்லாம் கச்சிதம். இரண்டு மாதத்துக்குப் பதிலாக மூன்று மாதம். பாரனெட் கிளம்புவதற்கு முன் தனியாகச் சொல்லிவிட்டுப் போனாராம், அந்த ஆளுக்கு ஏதாவது நல்லது செய்யுங்கள் என்று.

கார்மேகம் கையிலிருந்த ரெசினைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினான். பாஸ்போர்ட்டைப் பிரித்து, தன் பழைய படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பாரத்தை வாசித்தான். மூன்று மாதம் என்று எழுதியிருந்த இடத்தை இரண்டாவது தடவையும் வாசித்தான்.

"பாய், பெயிண்டு அடிக்கிற விமலுக்குப் போன மாசம்தான கல்யாணம் நிச்சயம் ஆச்சு. லீவு கெடைக்கலன்னு அழுதுக்கிட்டு இருந்தான்."

"ஆமா. அதுக்கு?"

"இந்த லீவ அவனுக்கு மாத்திக் குடுக்க முடியுமான்னு கேளுங்க" என்று பாஸ்போர்ட்டையும் பாரத்தையும் சேர்த்து அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, டீயைக் குடிக்காமல் எழுந்து உள்ளே போனான்.